பலாவுக்கும் முள்முருங்கைக்கும் நடுவே

அடி மொச்ச,

இன்றைக்குக் காலையில் துணி காயப்போடப் போனேன். கொடி மறுபடியும் ஏறியிருக்கிறது. வாளியைக் கீழே வைத்துவிட்டு நுனிக்காலில் எக்கி நின்று ஈரச் சேலையை வீசினேன். என் தலைமேலேயே வந்து விழுந்தது. இன்னொரு தடவை வீசினேன். அதுவும் அப்படித்தான். முகத்தில் தண்ணீர் வழிய நின்றுகொண்டு, பழகின வாய் பாரு, "ஏண்டி, திரும்பவும் ஒன் உசரத்துக்கு இழுத்துக் கட்டிட்டியா?" என்று கேட்டுவிட்டேன். சத்தமாகவே கேட்டுவிட்டேன். அடுப்படியில் டீ குடித்துக்கொண்டிருந்த என் மகன் செல்வம் எட்டிப் பார்த்தான்.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது.

உனக்கு மொச்சை என்று பேர் வைத்தது நான்தான். உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்த அன்று, கதவுக்குப் பின்னால் இருந்து இரண்டு கண் என்னை உருட்டி உருட்டிப் பார்த்தது. ஊறப்போட்ட மொச்சைக்கொட்டை மாதிரி இருந்தது. அப்போது உனக்குப் பதினாறு வயது. அதற்குள்ளேயே என்னைவிட ஒரு சாண் உயரம். பிறகு உன்னையும் கட்டிக்கொடுத்தோம். அது சரிப்படாமல் இரண்டே வருசத்தில் ஒரு பையோடு திரும்பி வந்தாய். "இங்கன ஒரு ஓரத்துல இருந்துக்கிறேன் மதினி" என்றாய். ஓரத்தில் எங்கே இருந்தாய், வீடு பூராவும் நீதான் இருந்தாய். உன் அண்ணன் போன பிறகும் நாம் பிரியவில்லை. நீயும் நானும் செல்வமும் என்று மூன்று பேராகவே வீடு நடந்தது.

குரங்கணிக்கு மேலே, ஜீப்பு ரோட்டுக்கும் மேலே, சரிவில் நம் வீடு. சுற்றிலும் கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு. அதில் வருகிறது காணாது என்றுதான் நாம் இரண்டு பேரும் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போனோம். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும், காய் மட்டும் அடித்தூரில் தரையோடு படர்ந்து கிடக்கும். குனிந்தே கிடக்க வேண்டும். பொம்பளைகள் எல்லோரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இருக்கும்போது நீ சொல்வாய்: "எங்க மதினிக்கு என்ன கவல, குனியவே வேணாம். நடந்தே செடிக்கு அடியில போயிருவாக." தோட்டமே சிரிக்கும். எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் கையில் இருக்கும் காயை எடுத்து உன்மேல் எறிவேன்.

அந்தக் கொடியைப் போட்டதும் நாம் இரண்டு பேரும்தான். போடியில் ஒரு கடையில் பச்சை வயர் வாங்கி வந்தோம். கயிறு என்றால் மழைக்கு இறுகும், வெயிலுக்குத் தளரும், வயர் என்றால் போட்டது போட்டபடி கிடக்கும் என்று கடைக்காரர் சொன்னார். வீட்டுக்குப் பக்கத்தில் பாறையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பலா மரத்தில் ஒரு முனை. சரிவில் கீழே, மிளகுக் கொடி ஏறிக் கிடக்கிற முள்முருங்கையில் இன்னொரு முனை. நடுவில் நான் நின்று கையைத் தூக்கிக் காட்டினேன். என் கை எட்டுகிற உயரத்துக்குத் தொய்வு விட்டு நீதான் கட்டினாய். "நான் குனிஞ்சு போட்டுக்கிறேன் மதினி, எனக்குக் குனியுறது புதுசா?" என்றாய். பல வருசம் அந்தக் கொடி அதே இடத்தில்தான் தொங்கியது.

போன வருசம் சித்திரை முடிந்து கீழே ஜேசிபி வந்தது. ஜீப்பு ரோட்டை ஒட்டி, நம் சரிவுக்கு நேர் கீழே, வெளியூர்க்காரர்கள் வந்து தங்க வரிசையாக வீடு கட்டப்போகிறார்கள் என்றார்கள். முதலாளி மதுரைப் பக்கம். கெட்ட மனுசர் இல்லை. வந்த அன்றே நம் வீடு வரைக்கும் ஏறி வந்து, "தண்ணி கிண்ணி வேணும்னா நம்ம குழாயில பிடிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். செல்வத்துக்கு அங்கே தன் வண்டியில் மணலும் சிமெண்டும் ஏற்றுகிற சோலி கிடைத்தது. ஒரு நாளைக்கு நாலு லோடு, அஞ்சு லோடு. போடிமெட்டுப் பக்கம் விடியாமல் எழுந்து ஆள் ஏற்றப் போகிறவன், வீட்டு வாசலிலேயே வேலை பார்த்தான். மத்தியானம் சூடாகச் சோறு தின்றான். அதைப் பார்த்து நான் சந்தோசப்பட்டேன். நீயும்தான்.

வீடு கட்டுவதற்குச் சமமாக இடம் வேண்டும் அல்லவா, அதற்காகச் சரிவின் அடியை வெட்டினார்கள். கருப்பட்டியைக் கத்தியால் வெட்டினால் எப்படி இருக்கும், அப்படிச் செங்குத்தாகச் சிவப்பாக நின்றது மண். நீ ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்தாய். "நாம ஒரு செடி சாயுதுன்னா அடியில மண் அணைக்கிறோம். இவுக மலைக்கு அடியில மண்ணை எடுக்குறாகளே மதினி." நான், "படிச்ச இஞ்சினியருக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிருச்சு, நட" என்றேன்.

ஆடி மழையில்தான் முதல் சண்டை. துணி போடப் போனேன், கை எட்டவில்லை. ஒரு சாண் மேலே போயிருந்தது.

"ஏண்டி கொடிய இழுத்துக் கட்டுன?"

"நான் எங்க மதினி கட்டுனேன்?"

"பெறகு யாரு, பேயா?"

நீ போய்ப் பலா மரத்தில் முடிச்சை அவிழ்த்து, மீதிச் சுருளில் இருந்து வயரை நீட்டிவிட்டுக் கட்டினாய். கொடி இறங்கியது. புரட்டாசியில் மறுபடி ஏறியது. மறுபடி கத்தினேன். மறுபடி இறக்கினாய். கார்த்திகையிலும் இதே கதை. உனக்குக் குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிற்று, அதை வாயால் சொல்லாமல் கொடியை உயர்த்துகிறாய், கேட்டால் இல்லை என்கிறாய் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். இத்தனை வருசத்தில் நீ என்னிடம் ஒரு பொய் சொன்னது இல்லை. அதை ஒரு தடவையாவது நினைத்துப் பார்த்தேனா என்றால், இல்லை.

நடுவில் ஒரு நாள், முள்முருங்கைக்குப் பக்கத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாய். "மதினி, இங்கன நின்னா திருச்செந்தூர்ல நின்ன மாதிரி இருக்கு" என்றாய்.

நாம் இரண்டு பேரும் கடல் பார்த்தது அந்த ஒரு தடவைதான். உன் நேர்த்திக்கடனுக்காகப் போனோம். நான் கரையிலேயே உட்கார்ந்துகொண்டேன். நீ சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் போய் நின்றாய். அலை திரும்பும்போது, "ஐயோ மதினி, யாரோ ஏங் காலுக்கு அடியில மண்ணை உருவுறாக!" என்று கத்தினாய். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பயந்து ஓடி வருவாய் என்று பார்த்தால், சிரித்துக்கொண்டே இன்னும் பத்து அலைக்கு அங்கேயே நின்றாய்.

அதைத்தான் சொல்லியிருக்கிறாய். எனக்கு உறைக்கவில்லை. "பிரசர் மாத்திரை போட்டியா இல்லையா? வெறும் வயித்துல நின்னா அப்பிடித்தான் கிறுகிறுங்கும், வெரசா வந்து சாப்பிடு" என்றேன். நீயும் வந்து சாப்பிட்டாய்.

மார்கழியில் நடந்ததுதான் என்னைத் தின்கிறது. துணி வீசும்போது கால் வழுக்கி விழுந்தேன். துவைத்த துணி அத்தனையும் சகதியில். எழுந்து வந்து வாய்க்கு வந்ததை எல்லாம் பேசினேன். ஒட்ட வந்தவள் என்றுகூடச் சொன்னேன். அன்றைக்கு மத்தியானம் சாப்பிட மாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். செல்வம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நீ தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"ஆமா மதினி. நான்தான் கட்டுனேன். போதுமா? எந்திரிச்சுச் சாப்பிடுங்க."

"அப்பிடி வா வழிக்கு" என்றேன்.

எழுந்து சாப்பிட்டேன். ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. குழம்பு நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். நீ போய் நாலாவது தடவையாகக் கொடியை இறக்கிவிட்டு வந்தாய்.

தை மாதம், காய் எடுத்துக்கொண்டிருக்கும்போது, "நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி இருக்கு" என்று ஒரு மரத்தில் சாய்ந்தாய். ஜீப்பில் ஏற்றி மடியில் போட்டுக்கொண்டு வந்தேன். குரங்கணி தாண்டவில்லை. உன் விரலில் ஏலக்காய்க் கறையும் வாசமும் அப்படியே இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு கொடியைப் பார்த்தேன். கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. நானே அவிழ்த்து என் உயரத்துக்கு இறக்கி, மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, அது நழுவாமல் இருக்க உன் காப்பிக்கலர் சேலையில் ஒரு கிழிசலைச் சுற்றிக் கட்டினேன். இனிமேல் இதை ஏற்ற யாரும் இல்லை என்று நினைத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. அதுவரைக்கும் வரவில்லை.

பங்குனியில் பார்க்கிறேன், கொடி ஏறியிருக்கிறது.

ஓடிப்போய்ப் பலா மரத்தைப் பார்த்தேன். நான் போட்ட முடிச்சு நான் போட்டபடி இருந்தது. சேலைக் கிழிசல்கூட அசையவில்லை. முள்முருங்கைப் பக்கம் போனேன், அங்கே வயர் மரப்பட்டைக்குள் புதைந்து கிடந்தது. அந்த முடிச்சை ஆண்டவனே வந்தாலும் அவிழ்க்க முடியாது. செல்வத்தைக் கேட்டேன். "நான் எதுக்கும்மா கொடியத் தொடப்போறேன்?" என்றான். பிறகு காலால் சருகை ஒதுக்கிக்கொண்டே மேலே ஏறி வந்தேன். பாதி வழியில் கால் உள்ளே போனது. என் பாதம் நுழைகிற அகலத்துக்கு ஒரு வெடிப்பு, சருகுக்கு அடியில், சரிவுக்குக் குறுக்கே, காப்பிச் செடிகளுக்குள் நீளமாகப் போனது. வெடிப்புக்கு மேலே பலா. கீழே முள்முருங்கை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பலா நின்ற இடத்தில்தான் நின்றிருக்கிறது. முருங்கை மண்ணோடு சேர்ந்து கீழே போயிருக்கிறது. ஆடியில் இருந்து உன்னோடு நான் போட்ட சண்டை எல்லாம் அந்த மலையோடு போட்டிருக்க வேண்டிய சண்டை.

சித்திரையில் கோடைமழை ஒரு நாள் ஊற்றியது. கீழே வெட்டின சுவரில் ஒரு பாகம் சரிந்து ஜீப்பு ரோடு மறைந்துவிட்டது. நல்ல வேளை, வேலை இல்லாத நாள், யாருக்கும் ஒன்றும் இல்லை. ஆபீசில் இருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, மறு உத்தரவு வரும்வரை கட்டட வேலையை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். செல்வத்தின் வண்டி நின்றது. அவனோடு இருபது முப்பது பேர் சோலியும் நின்றது. நம் சரிவால் வந்தது என்று, அவர்களைப் பெற்ற தாய்மார்கள் என்னைப் பார்க்கிறபோது நான் கீழே பார்த்துக்கொண்டு போவேன்.

பிறகு மண்ணைப் பார்க்கிற அதிகாரி ஒரு அம்மா வந்தார்கள். வயசு குறைவுதான், நம் செல்வம் வயசு இருக்கும். அவர்களிடம் கொடியைக் காட்டி, அது போன ஆடியில் இருந்து ஏறி ஏறி வருவதைச் சொன்னேன். விரலால் தட்டினார்கள், விண் என்றது. வெடிப்பையும் குனிந்து பார்த்தார்கள். "கடலோரத்துல அலை கரையை அரிக்குதுன்னா, அங்க கட்டுற வேலையைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைப்பாங்கம்மா. கரை எவ்வளவு போகுதுன்னு பார்த்துட்டுத்தான் மேல பேசுவாங்க. இதுவும் அதே மாதிரிதான்" என்றார்கள். எனக்கு நீ முழங்கால் தண்ணீரில் நின்று கத்தினது காதில் கேட்டது.

அந்த அம்மாவுக்கு ஒரே ஒரு விசயம் தெரிய வேண்டியிருந்தது. இது அந்த ஒரு மழையில் சரிந்த மண்ணா, அல்லது போன வருசத்தில் இருந்தே நகர்ந்துகொண்டிருக்கிற மண்ணா? ஒரு மழை என்றால் அள்ளிப் போட்டுவிட்டு, சுவர் வைத்து, வேலையைத் தொடங்கிவிடலாம். வருசமாக நகர்கிறது என்றால் தடை நீடிக்கும். "போன வருசம் கொடி ஏறினதை யாராவது கையால இழுத்துக் கட்டலைன்னு உறுதியாத் தெரியணும். அடுத்த வெள்ளிக்கிழமை வர்றேன், யோசிச்சு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் செல்வம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"யம்மா, அத்ததான் கட்டுச்சுன்னு சொல்லிருமா."

"அவ கட்டலடா."

"அதுவே ஒத்துக்கிச்சுல்ல? நான் பக்கத்துல ஒக்காந்து சாப்பிட்டுக்கிட்டுத்தான இருந்தேன். மேஸ்திரிகிட்டயும் சொல்லிட்டேன்."

"அவ ஒத்துக்கிட்டது நான் பட்டினி கிடக்கக் கூடாதுன்னு, அப்பு."

"அது ஒனக்குத் தெரியும். ஆபீசருக்கு எப்பிடித் தெரியும்? இத்தன பேரு வேல போச்சும்மா."

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அவன் கேட்டதைத்தான் சொல்கிறான். நான் போய்க் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பலா மரத்துப் பக்கமிருந்து வயரைக் கையால் தடவிக்கொண்டே வந்தேன். தடவும்போதுதான் விரலில் பட்டது. ஒரு இடத்தில் வயர் முறுக்கிக்கொண்டு கோணலாக இருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. எண்ணினேன், ஐந்து இருந்தது. முடிச்சுப் போட்டு அவிழ்த்த தடம்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் வந்தார்கள். மேஸ்திரி, "பொம்பளைக துணிக்கொடிய இழுத்துக் கட்டுறது ஒரு சாட்சியா மேடம்? அந்தம்மாவே கட்டுனேன்னு சொல்லிருக்கு, மருமகனே சொல்றான்" என்றார். அதிகாரி அம்மா செல்வத்தைப் பார்த்தார்கள். அவன் தலையாட்டினான்.

நான் கொடியைப் பிடித்துக் காட்டினேன். "இங்க பாருங்கம்மா. இது அஞ்சும் பழைய முடிச்சு இருந்த இடம். கடைசியா அவுத்தது நானு, மத்த நாலும் என் நாத்தனாரு. அவ இழுத்துக் கட்டியிருந்தா இந்தத் தடம் மரத்துக்கு அந்தப் பக்கம், மீதிச் சுருள்ல போயிருக்கும். எல்லாம் இங்கிட்டுக் கொடியில கிடக்கு. ஒவ்வொரு தடவையும் நீளம்தான் விட்டிருக்கா. ஒரு தடவைகூட இழுக்கல. வாயால ஆமான்னு சொன்னது என்னையச் சாப்பிட வைக்க. நான் அவ சோத்துல கை வைக்காமப் படுத்திருந்தேன்."

அந்த அம்மா ஒவ்வொரு முறுக்கையும் தொட்டுப் பார்த்தார்கள். பலா மரத்துச் சுருளையும் பிரித்துப் பார்த்தார்கள். அதில் ஒரு கோணல்கூட இல்லை, கடையில் வாங்கினபடி வழுவழுவென்று இருந்தது. நாடாவைப் பிடித்து ஒவ்வொரு தடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று அளக்க ஆரம்பித்தார்கள். கூட வந்தவர் ஒரு முனையைப் பிடிக்க எட்டாமல் நின்றார். செல்வம் போய் அதை வாங்கிப் பிடித்துக்கொண்டான். நீ நின்று கொடி கட்டுகிற அதே இடத்தில், உன்னைப் போலவே ஒரு கையைப் பலா மரத்தில் ஊன்றிக்கொண்டு நின்றான்.

மழைக்காலம் முடிகிறவரை வேலையைத் தொடங்கக் கூடாது என்று காகிதம் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு மறுபடி பார்ப்பார்களாம். தொடங்கினாலும் தொடங்கலாம் என்கிறார்கள். செல்வம் பழையபடி போடிமெட்டுப் பக்கம் ஆள் ஏற்றப் போகிறான். ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவனாகவே, "அத்த வைக்கிற மாதிரி மொளகுக் கொழம்பு வைம்மா" என்றான். வைத்தேன். உன் கைப்பக்குவம் வரவில்லை. இரண்டு பேரும் அதைச் சொல்லிக்கொள்ளாமல் சாப்பிட்டோம். பெருமழை பெய்கிற நாட்களில் இங்கே படுக்கக் கூடாது என்று சொல்லியிருப்பதால், மேகம் கறுத்தால் சாமானைக் கட்டிக்கொண்டு குரங்கணியில் என் தங்கச்சி வீட்டுக்கு இறங்கிவிடுகிறோம்.

கொடியை யாரும் அவிழ்க்கவோ இழுத்துக் கட்டவோ கூடாது என்றும் உத்தரவு. பலாவிலும் முருங்கையிலும் சிவப்புப் பெயிண்டில் கோடு போட்டிருக்கிறார்கள். மாதம் ஒரு தடவை வந்து அளப்பார்களாம். துணி போடலாமா என்று கேட்டேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டு, "கனமான துணி வேண்டாம்மா" என்றார்கள். உத்தரவு இருப்பதால் கொடியை இறக்கிவிட முடியாது. அது போகிற உயரத்துக்கு நான்தான் எட்ட வேண்டும். இன்றைக்குக் காலையில் ஒரு கல்லை உருட்டிக்கொண்டு வந்து போட்டு, அதன்மேல் ஏறி நின்றுதான் சேலையைப் போட்டேன். கல்மேல் ஏறினால் ஏறக்குறைய உன் உயரம் வருகிறேன். அங்கே இருந்து பார்த்தால் கீழே ரோடு வரைக்கும் தெரிகிறது, வெட்டின சிவப்பு மண் தெரிகிறது. இத்தனை நாள் நீ துணி போடும்போது இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் போட்டிருக்கிறாய்.

இறங்குவதற்கு முன்னால் அந்த ஐந்து முறுக்கையும் ஒரு தடவை தொட்டேன். தினமும் தொடுகிறேன். அதிகாரிக்குச் சொல்லிவிட்டேன், மேஸ்திரிக்குச் சொல்லிவிட்டேன், செல்வத்துக்கும் சொல்லிவிட்டேன், நீ கட்டவில்லை என்று. சொல்ல வேண்டியவள் நீ ஒருத்திதான் பாக்கி.

அன்றைக்கு நீ ஆமா என்றதும் நான் எழுந்து உட்கார்ந்து, உன் முகத்தைக்கூடப் பார்க்காமல் தட்டை வாங்கிக்கொண்டேனே, மொச்ச, மதினி நம்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேதான் போனாயா?